பாட்டுக்கு நடுவே 'டிங்' வராமலிருக்க

போனை சைலன்ட்டில் போடு என்பதுதான் இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கூடவே வரவேண்டிய அழைப்பும் போய்விடும். எடுத்துப் பார்த்தால் தவறிய அழைப்புகள் வரிசையாக நிற்கும். 'அப்புறம் போனை எதுக்கு வெச்சிருக்கே' என்று வசவும் கிடைக்கும்.

என் பிழைப்பே ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தில் இறக்குவதுதான். பேட்டி, கூட்டம், உரை என்று எது வந்தாலும் சரி. கோப்பு போனில் இருக்கும், காதில் ஹெட்போன், எதிரே லேப்டாப். பேசுகிறவர் 'அது ரெண்டாயிரத்துப் பதி...' என்று ஆண்டைச் சொல்ல வாயெடுக்கும் நேரம் பார்த்து ஒரு 'டிங்'. பதினொன்றா, பதினேழா, பதினெட்டா? பின்னால் ஓட்டி மறுபடி கேட்க வேண்டும். பாட்டு கேட்பவருக்கு இது எரிச்சல். எனக்கு இது நேரம். நேரம் என்றால் கூலி. அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் தோண்டியே பார்த்து வைத்திருக்கிறேன். ஒலி எப்படி முறிகிறது என்று கவனித்தால், முறிப்பது யார் என்பது பாதி தெரிந்துவிடும். செட்டிங்ஸைத் திறப்பது அதற்கு அப்புறம்தான்.

மூன்று விதமான முறிவு

பாட்டு ஒரு நொடி தாழ்ந்து, 'டிங்' கேட்டு, திரும்ப ஏறுகிறதா? பாட்டு நின்று, சில நொடி கழித்துத் தானாகவே தொடர்கிறதா? அல்லது நின்றது நின்றதுதான், நீங்களே பிளே பட்டனை அழுத்த வேண்டியிருக்கிறதா?

மூன்றும் வேறு வேறு. ஆண்ட்ராய்டில் இதற்கு ஆடியோ ஃபோகஸ் என்று ஓர் ஏற்பாடு 2010இல் வந்த 2.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது. மேடையில் ஒரே ஒரு மைக் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் போட நினைக்கும் ஆப், கையில் மைக் வைத்திருக்கும் ஆப்பிடமிருந்து அதைக் கேட்டு வாங்க வேண்டும். 'ஒரு நொடிதான், நீ மெதுவாகப் பேசிக்கொண்டே இரு' என்று கேட்கலாம். 'கொஞ்ச நேரம் நீ நிறுத்து, முடித்துவிட்டுத் தருகிறேன்' என்றும் கேட்கலாம். 'இனி எனக்குத்தான்' என்று ஒரேயடியாகவும் கேட்கலாம். மேலே சொன்ன மூன்று முறிவுகளும் இந்த மூன்று கேள்விகள்தான். ஐபோனிலும் பெயர்கள் வேறு, கணக்கு இதேதான்.

தாழ்ந்து ஏறினால் சாதாரண நோட்டிஃபிகேஷன், இல்லையென்றால் மேப் வழி சொல்லும் குரல். நின்று தொடர்ந்தால் அழைப்பு, அலாரம், குரல் உதவியாளர் என்று ஏதோ ஒன்று. நின்றே போனால் இன்னொரு ஆப்பில் வீடியோவோ குரல் செய்தியோ ஓடத் தொடங்கியிருக்கிறது. அதற்கும் நோட்டிஃபிகேஷனுக்கும் சம்பந்தமில்லை. நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸில் எவ்வளவு தேடினாலும் அதற்கு மருந்து கிடைக்காது.

ஒரு விதிவிலக்கு. பாட்கேஸ்ட், ஒலிப்புத்தகம் போன்ற பேச்சு ஒலிகள், பாட்டென்றால் வெறுமனே தாழும் இடத்திலும் நின்று தொடரும். ஆண்ட்ராய்ட் 8இலிருந்து சிஸ்டமே பாட்டின் ஒலியைத் தாழ்த்திவிடுகிறது. ஆனால் ஓடுவது பேச்சு என்று ஆப் அறிவித்திருந்தால் சிஸ்டம் அதைத் தொடாது, ஆப்பின் முடிவுக்கே விட்டுவிடும். தாழ்ந்த குரலில் ஓடும் பேச்சை யாராலும் பின்தொடர முடியாது என்பதால் நல்ல ஆப்கள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குகின்றன. சரியான முடிவுதான். என்ன, அந்த 'டிங்' வராமலே இருந்திருக்கலாம்.

யார் அடித்த மணி?

போனை எடுத்துப் பார்ப்பதற்குள் சில நோட்டிஃபிகேஷன்கள் மறைந்துவிடும். ஆண்ட்ராய்ட் 11இலிருந்து செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குள் 'நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி' இருக்கிறது. அதை ஆன் செய்து வைத்தால் கடந்த 24 மணி நேரத்தில் எந்த ஆப் எப்போது எட்டிப்பார்த்தது என்று நேரத்தோடு காட்டும். ஒரு நாள் ஓடவிட்டு அப்புறம் படித்துப் பாருங்கள். நீங்கள் சந்தேகப்பட்ட ஆப் அதில் அநேகமாக இரண்டாம் இடத்தில்தான் இருக்கும். என் பட்டியலில் முதலில் நின்றது, தள்ளுபடி செய்தி அனுப்புவதைத் தவிர வேறு வேலை இல்லாத ஓர் ஆப்.

குற்றவாளி தெரிந்ததும் வேலை சுலபம். அந்த நோட்டிஃபிகேஷன் வந்து நிற்கும்போதே அதன் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் 'சைலன்ட்' என்று ஒரு தேர்வு வரும். அதைத் தொட்டுவிட்டால் செய்தி வரும், சத்தமும் அதிர்வும் வராது. ஆப்பை மொத்தமாக அடக்கத் தேவையில்லை. ஆண்ட்ராய்ட் 8இலிருந்து ஒவ்வோர் ஆப்பும் தன் நோட்டிஃபிகேஷன்களை வகை பிரித்துத்தான் அனுப்ப வேண்டும். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், ஆப்பைத் தேர்ந்து, நோட்டிஃபிகேஷன்ஸ் என்பதைத் திறந்தால் அந்த வகைகளைப் பார்க்கலாம். ஒரு வங்கி ஆப்பில் பணம் கழிந்த செய்திக்குச் சத்தம் இருக்கட்டும், கடன் வாங்கச் சொல்லும் செய்திக்கு வேண்டாம் என்று பிரிக்கலாம். ஆப்காரர்கள் ஒழுங்காக வகை பிரித்திருந்தால், அதாவது. எல்லாவற்றையும் ஒரே வகையில் போட்டுத் தள்ளுகிற ஆப்களும் உண்டு. அவற்றுக்கு என்னிடம் இரக்கம் கிடையாது, மொத்தமாக சைலன்ட்தான்.

வாட்ஸாப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே இரண்டு சத்தங்கள் இருக்கின்றன. ஆப் மூடியிருக்கும்போது செய்தி வந்தால் அடிப்பது நோட்டிஃபிகேஷன். ஒருவரோடு உரையாடல் திறந்திருக்கும்போது செய்தி வந்தாலோ போனாலோ கேட்கும் சிறு 'டொக்' வேறு. முதலாவதை அடக்கினாலும் இரண்டாவது அடங்காது. ஆண்ட்ராய்டில் வாட்ஸாப்பின் சொந்த செட்டிங்ஸுக்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் 'கான்வர்சேஷன் டோன்ஸ்' என்று மேலேயே இருக்கிறது. அதை ஆஃப் செய்ய வேண்டும். ஐபோனில் அதே பகுதியில் 'இன்-ஆப் நோட்டிஃபிகேஷன்ஸ்' உள்ளே சவுண்ட்ஸ். அப்புறம் குழுக்கள். குழுச் செய்திகளுக்கான டோனைத் தனியே 'நன்' (None, எதுவுமில்லை) என்று வைக்க முடியும். ஓயாத குழு என்றால் மியூட், எட்டு மணி நேரம் அல்லது ஒரு வாரம் என்று இழுக்காமல் 'ஆல்வேஸ்'. யார் மியூட் செய்திருக்கிறார்கள் என்பது குழுவில் யாருக்கும் தெரியாது, பயப்பட வேண்டாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சத்தமே இல்லாத ஒரு காலி ஒலிக்கோப்பை டோனாக வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வைத்துப் பாருங்கள்: 'டிங்' கேட்காது, ஆனால் பாட்டு ஒரு நொடி தாழ்ந்து எழும். இது அதைவிட மோசமில்லையா? சிஸ்டத்துக்கு அந்தக் கோப்பில் சத்தம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. ஓர் ஒலியை ஓட்டச் சொன்னார்கள், மைக்கை வாங்கிக் கொடுத்தது, அவ்வளவுதான். அதனால் காலிக் கோப்பு கூடாது. டோன் பட்டியலின் உச்சியில் இருக்கும் 'நன்' அல்லது 'சைலன்ட்' என்பதைத்தான் தேர வேண்டும். நோட்டிஃபிகேஷன் வால்யூமைப் பூஜ்ஜியத்துக்கு இழுத்தாலும் இதே பலன்: ஆண்ட்ராய்ட் அந்த ஒலியை ஓட்டவே முயலாது, பாட்டும் தாழாது. சாம்சங்கில் ரிங்டோனுக்கும் நோட்டிஃபிகேஷனுக்கும் தனித்தனி வால்யூம் பல காலமாக உண்டு. கூகுளின் பிக்சல் போனில் ஆண்ட்ராய்ட் 14இல் பிரித்தார்கள். வால்யூம் பட்டனைத் தட்டி, திரையில் வரும் பட்டையோடு உள்ள புள்ளிகளைத் தொட்டால் எல்லாப் பட்டைகளும் விரியும். அழைப்பு மட்டும் வேண்டும், மற்ற எந்தச் சத்தமும் வேண்டாம் என்பவருக்கு இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

டூ நாட் டிஸ்டர்ப்: ஒரே ஒரு சுவிட்சைப் பார்த்து

நீங்கள் அனுமதித்தவை தவிர மற்ற எல்லாச் சத்தத்தையும் அடக்கும் அமைப்பு இது. வேலை நேரத்தில் நான் நம்புவது இதைத்தான். மேலிருந்து திரையை இழுத்து, அந்தக் குறியைத் தொட்டால் போதும். ஆனால் முதல்முறை போடும் முன் உள்ளே போய் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அலாரம், மீடியா, தொடு ஒலி, நினைவூட்டல் என்று விதிவிலக்குகளின் பட்டியல் இருக்கும். அதில் மீடியா ஆன் நிலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் 'டிங்'கோடு சேர்ந்து உங்கள் பாட்டும் வாயடைத்துவிடும். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒருவர் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். ஹெட்போனில் ஒரு குறையும் இல்லை, இந்த சுவிட்ச்தான்.

யாருடைய அழைப்பு வரலாம் என்பதையும் அங்கேயே தேரலாம். நட்சத்திரமிட்ட தொடர்புகள் மட்டும் என்று வைத்து, வீட்டார் பெயர்களுக்கு நட்சத்திரம் போட்டுவிட்டால் வசவிலிருந்து தப்பலாம். மறுபடி அழைப்பவர்களை அனுமதி என்றும் ஒன்று இருக்கிறது: ஆண்ட்ராய்டில் ஒரே நபர் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் மணி அடிக்கும், ஐபோனில் 3 நிமிடத்துக்குள். அவசரத்துக்கு நல்லது. விடாமல் அழைக்கும் விற்பனைக்காரர்களுக்கும் நல்லதுதான், அது வேறு கதை.

ஒவ்வொரு முறையும் கையால் போடுவது சலிப்பு. சாம்சங்கில் 'மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ்' என்ற இடத்தில், ஹெட்போன் புளூடூத்தில் இணைந்தால் டூ நாட் டிஸ்டர்ப் ஆன் என்று ஒரு ரொட்டீன் எழுதி வைக்கலாம். இணைப்பு துண்டித்ததும் போன் பழைய நிலைக்கே திரும்பிவிடும். நான் வைத்திருப்பது இதுதான், வைத்ததிலிருந்து அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஐபோன்

ஐபோனில் சைலன்ட் மோட் பாட்டைத் தொடாது. மணிகளை மட்டும் அடக்கும், பாட்டு பாட்டுக்கு ஓடும். பாட்டு கேட்கையில் அதைப் போட்டுவிடுவதே பலருக்குப் போதும். ஒரே ஆப்தான் தொல்லை என்றால் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், ஆப் என்று போய் சவுண்ட்ஸை மட்டும் ஆஃப் செய்யலாம். செய்தி திரையில் வந்து நிற்கும்.

2021இல் ஐஓஎஸ் 15 கொண்டுவந்த 'ஃபோகஸ்' இன்னும் நுட்பமானது. முன்பு சொன்ன ஆடியோ ஃபோகஸ் அல்ல இது, டூ நாட் டிஸ்டர்ப் மாதிரியான ஓர் அமைப்பு. பாட்டுக்கென்றே ஒரு ஃபோகஸ் உருவாக்கி, அனுமதிக்கும் நபர்களைச் சேர்த்து, 'டைம் சென்சிட்டிவ்' நோட்டிஃபிகேஷன்களை மறுத்துவிடுங்கள். இதை மறுக்காவிட்டால் தங்களைத் தாங்களே அவசரம் என்று அறிவித்துக்கொள்ளும் ஆப்கள் வேலியைத் தாண்டி வரும். குறிப்பிட்ட ஆப் திறந்தால் ஃபோகஸ் தானே ஆன் ஆகும்படி அட்டவணையில் சேர்க்கலாம் என்றாலும், அந்த ஆப் திரையில் இருக்கும்வரைதான் அது நிற்கும். பாட்டைப் போட்டுவிட்டு வேறு ஆப்புக்குப் போகிறவர்களுக்கு அது உதவாது. ஷார்ட்கட்ஸ் ஆப்பின் ஆட்டோமேஷனில் புளூடூத் இணைப்பையே தூண்டுதலாக வைத்து ஃபோகஸை ஆன் செய்வது மேல்.

செய்தி வரும்போது 'டிங்' அல்ல, ஒரு குரல் அதை வாசித்தே காட்டுகிறது என்றால் அது 'அனவுன்ஸ் நோட்டிஃபிகேஷன்ஸ்'. ஏர்பாட்ஸ் போட்டிருக்கும்போது ஐபோனின் குரல் உதவியாளரான 'சிரி' செய்யும் உபகாரம். செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியிலேயே அதை நிறுத்தலாம்.

பிளேயரிலேயே சில சுவிட்சுகள்

சில ஆண்ட்ராய்ட் பிளேயர்கள் முடிவை உங்களிடமே விடுகின்றன. ஆன்டெனாபாட் என்ற இலவசப் பாட்கேஸ்ட் ஆப்பில், இடையூறு வந்தால் தாழ்த்துவதா நிறுத்துவதா என்று கேட்கும் தேர்வு இருக்கிறது. எனக்கு நிறுத்துவதே சரி. தாழ்ந்த ஒலியில் இரண்டு சொல் போவதைவிட நின்று தொடர்வது மேல். பாட்டு கேட்பவர்களுக்கு இதற்கு நேர் எதிரானது பிடிக்கும். உங்கள் பிளேயரின் செட்டிங்ஸில் 'ஆடியோ ஃபோகஸ்', 'டக்கிங்' (தாழ்த்துதல்), 'இன்டரப்ஷன்' (இடையூறு) என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். இருந்தால் அங்கேதான் இருக்கும். பெரிய பாட்டு ஆப்கள் பலவற்றில் இது கிடையாது.

சாம்சங்காரர்களுக்கு இன்னும் ஒரு வசதி. ஒலி செட்டிங்ஸில் 'செபரேட் ஆப் சவுண்ட்' என்று இருக்கும். பாட்டு ஆப்பின் ஒலி மட்டும் புளூடூத் ஸ்பீக்கருக்கு, மற்றதெல்லாம் போனிலேயே என்று பிரித்துவிடலாம். போன் தன் பாட்டுக்கு மூலையில் டிங்கிக்கொண்டிருக்கும், ஸ்பீக்கரில் பாட்டு மட்டும். ஒரே நேரத்தில் இரண்டு ஆப்களின் ஒலியும் வேண்டும் என்றால் சாம்சங்கின் 'சவுண்ட் அசிஸ்டன்ட்' ஆப்பில் 'மல்டி சவுண்ட்' இருக்கிறது. வீடியோ ஓடத் தொடங்கியதும் பாட்டு நின்றே போகும் அந்த மூன்றாம் வகை முறிவுக்கு நான் அறிந்த நேரடி மருந்து இதுதான்.

மற்ற போன்களில் அந்த மூன்றாம் வகைக்கு ஆப்பின் உள்ளேதான் போக வேண்டும். ஃபேஸ்புக்கில் வீடியோக்கள் சத்தத்தோடு தொடங்க வேண்டுமா என்று கேட்கும் சுவிட்ச் மீடியா செட்டிங்ஸில் இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். ரீல்ஸ் பார்த்துக்கொண்டே பாட்டும் கேட்க வேண்டும் என்றால் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும்.

மேப் குரலுக்கு: ஆப்பிள் மேப்ஸில் 'டைரக்ஷன்ஸ் பாஸ் ஸ்போக்கன் ஆடியோ' என்ற சுவிட்ச், பேச்சு ஒலியை நிறுத்துவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும். கூகுள் மேப்ஸில் வழி சொல்லும்போது திரையில் தெரியும் ஸ்பீக்கர் குறியைத் தொட்டால் முழுக் குரல், எச்சரிக்கை மட்டும், மௌனம் என்று மூன்று நிலை. தெரிந்த சாலை என்றால் நடுவில் இருப்பது போதும்.

போன் நிரபராதி என்றால்

இவ்வளவும் செய்த பிறகும் பாட்டு நிற்கிறது என்றால் போனை விட்டுவிட்டு ஹெட்போனைப் பாருங்கள்.

முதல் சந்தேகம் மல்டிபாயின்ட். ஒரே ஹெட்போன் போனோடும் லேப்டாப்போடும் சேர்ந்து இணைந்திருக்கும். போனில் பாட்டு ஓடும்போது லேப்டாப்பில் ஒரு மின்னஞ்சல் மணி அடித்தால், பல ஹெட்போன்கள் உடனே அந்தப் பக்கம் தாவிவிடும். போனின் ஹிஸ்டரியில் ஒன்றும் இருக்காது, ஆனால் பாட்டு நின்றிருக்கும். என் மாதிரி இரண்டு கருவிகளோடு வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் கண்ணில் படாத எதிரி. லேப்டாப்பில் நோட்டிஃபிகேஷன் சத்தத்தை அடக்குங்கள். இல்லை, ஹெட்போனின் ஆப்பில் இரட்டை இணைப்பையே நிறுத்துங்கள். விண்டோஸில் பாட்டு கேட்கிறவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: பழைய சவுண்ட் கன்ட்ரோல் பேனலில் 'கம்யூனிகேஷன்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அழைப்பு நடந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறை என்பது அங்கே இயல்பாகவே தேர்வாகியிருக்கும். 'டூ நத்திங்' என்று மாற்றிவிடலாம்.

அடுத்தது ஹெட்போனின் அதிபுத்திசாலித்தனம். சோனியின் சில மாடல்களில் 'ஸ்பீக்-டு-சாட்' என்று இருக்கிறது. நீங்கள் வாய் திறந்தால் பாட்டை நிறுத்திவிடும். அடுத்தவரோடு பேசுகிறீர்கள் என்று அதன் எண்ணம். நீங்களோ பாட்டோடு சேர்ந்து பல்லவியை முணுமுணுத்திருப்பீர்கள். ஏர்பாட்ஸ் ப்ரோவில் 'கான்வர்சேஷன் அவேர்னஸ்' இதே வேலையைத் தாழ்த்துவதன் மூலம் செய்கிறது. காதிலிருந்து கழற்றினால் நிற்கும் வசதியும் அப்படித்தான்: ஒருக்களித்துப் படுத்துக் கேட்கிறவர்களுக்கு, தலையணை பட்டு இயர்பட் லேசாக நகர்ந்தாலே பாட்டு போய்விடும். எல்லாவற்றுக்கும் ஹெட்போனின் ஆப்பிலோ புளூடூத் செட்டிங்ஸிலோ சுவிட்ச் உண்டு.

திரை அணைந்து சில நிமிடத்தில் பாட்டு நின்றுபோனால் அது பேட்டரி சேமிப்பு. பிளேயர் ஆப்பின் பேட்டரி அமைப்பை 'அன்ரெஸ்ட்ரிக்டட்' ஆக்கிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது. நடுவில் இடைவெளி இல்லாத பாட்டாக ஒன்றை ஓடவிட்டு, வேறொருவரை இரண்டு செய்தி அனுப்பச் சொல்லுங்கள்: ஒன்று திரை பூட்டியிருக்கும்போது, இன்னொன்று அவரோடு உரையாடல் திறந்திருக்கும்போது. அப்புறம் ஓர் அழைப்பு. எங்கே தாழ்கிறது, எங்கே நிற்கிறது என்று காதே சொல்லிவிடும்.

ஒரு கூட்டத்துக்கு நடுவே ஸ்பீக்கரில் உங்கள் போனிலிருந்து பாட்டு ஓடப்போகிறது என்றால் இந்த நுணுக்கம் எதுவும் வேண்டாம். பாட்டுகளை முன்பே இறக்கி வையுங்கள். விமானப் பயன்முறையைப் போட்டு, அதன் பிறகு புளூடூத்தை மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள். வைஃபையை ஆன் செய்யாதீர்கள். அது இருந்தால் வாட்ஸாப் அழைப்பு வரும். கடைசியாக அலாரம் பட்டியலைத் திறந்து பாருங்கள். விமானப் பயன்முறையிலும் அலாரம் அடிக்கும்.